தொழிலுக்கு ஒரு பட்டம்

தொழில் தொடங்குவதையும் புதுமை காண்பதையும் பட்டப் படிப்பாகவே சில கலாசாலைகள் இப்போது போதிக்கின்றன. உத்தியோகத்துக்கென்றே பிள்ளைகளை வளர்த்த பெற்றோர் திகைக்கலாம். நாம் கேட்பது ஒன்றுதான்: பாடத்தில் பாக்கி வசூல் உண்டா?

திருமுல்லைவாயிலில் ஸ்திரீகளுக்கென்றே சிட்கோ அமைத்த தொழிற்பேட்டை இருக்கிறது. சிறு தொழிலில் சரக்கைச் செய்வது பாதி வேலை. பணத்தை வாங்குவது மறு பாதி. பெரிய கம்பெனி "அடுத்த மாதம்" என்றால் சனிக்கிழமைக் கூலி காத்திருக்குமா? 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. ஆனால், வட்டி கேட்டவருக்கு அடுத்த ஆர்டர் வருமோ? இந்தச் சங்கடத்தைப் புத்தகம் கற்பிக்காது. மாணவர்களை ஒரு பருவம் அத்தகைய பேட்டையில் கணக்கெழுத அனுப்பட்டும். குமாஸ்தா கிடைத்தால் அங்குள்ள மாதர்கள் வேண்டாமென்றா சொல்வார்கள்?