திறந்த நிரலும் பூட்டிய கைப்பேசியும்

மூன்றாமாண்டு, இளநிலை வணிகவியல்

“விலையின்றிக் கிடைக்கும் பொருளை விற்க முடியுமா?” சந்தையியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ஒரு நாள் இப்படிக் கேட்டார். “முடியாது ஐயா” என்று பலரும் ஒரே குரலில் கூறினோம். அவர் சிரித்துக்கொண்டே, “உங்கள் பையில் இருப்பதும் அத்தகைய பொருள்தான். வீட்டுக்குப் போய்க் கைப்பேசியின் ‘சட்டத் தகவல்’ பக்கத்தைப் பாருங்கள்” என்றார்.

அன்று மாலை பார்த்தேன். அமைப்புகளுக்குள் அமைப்பாக ஒளிந்திருந்த அந்தப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான மென்பொருள்களின் பெயர்களும் அவற்றின் உரிம வாசகங்களும் முடிவின்றி நீண்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் தரலாம் என்று எழுதியவர்களே விட்டுக் கொடுத்த நிரல்கள் அவை. ஆனால் கடையில் இதை வாங்கியபோது இந்தச் செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. கேமராவையும் பேட்டரியையும் பற்றித்தான் சொன்னார்கள். எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் ‘ஃபிரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறித்துக் குழப்பம் விளைவிக்கிறது. நம் தமிழுக்கு அந்த இடர் இல்லை. இலவசம் என்பது வேறு. கட்டற்றது என்பது வேறு. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தபோது அவர் நாடியது இரண்டாவதையே. தாம் எழுதிய ஈமேக்ஸ் என்னும் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அவரே விற்றார் என்பதை அறிந்தால் நம்மில் பலர் வியப்படையக்கூடும். ஆகவே, கட்டற்ற மென்பொருளை விற்பது குற்றமன்று. வாங்கியவரின் உரிமையும் கூடவே செல்ல வேண்டும் என்பதே விதி.

1998-ஆம் ஆண்டில் ‘ஓப்பன் சோர்ஸ்’, அதாவது திறமூலம், என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. வணிக நிறுவனங்களின் செவிக்கு இனிதாக ஒலிக்க வேண்டும் என்பது அப்பெயரின் நோக்கங்களுள் ஒன்று. சந்தையியல் படிக்கும் நமக்கு இது நல்ல பாடம். பெயர் மாறியதும் உரிமை என்ற பேச்சு பின்னே சென்றது. பயன் என்ற பேச்சு முன்னே வந்தது.

ஆண்ட்ராய்டு விற்பனையான விதம்

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவின்மேல் கட்டப்பட்டது ஆண்ட்ராய்டு இயங்குதளம். அதை உருவாக்கிய சிறு நிறுவனத்தை 2005-இல் கூகுள் வாங்கியது. 2007 நவம்பரில் 34 நிறுவனங்கள் கொண்ட கூட்டணி ஒன்று அறிவிக்கப்பட்டது. 2008-இல் முதல் கைப்பேசி வெளிவந்தது. இயங்குதளத்தின் மூலநிரலுக்கு விலையில்லை. அப்படியாயின் ஆதாயம் எங்கே?

மூலநிரல் திறந்திருந்தாலும், மக்கள் நாடும் செயலிக்கடை, வரைபடம் முதலியன திறந்தவை அல்ல. அவை ஒப்பந்தத்தின் பேரில் தரப்படுபவை. கடை வேண்டுமென்றால் தேடலும் பிறவும் சேர்த்தே வைக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. சோற்றை இலவசமாய்ப் போட்டு, குழம்புக்கு ஒப்பந்தம் கேட்பது போன்றது இது. ஐரோப்பிய ஆணையம் 2018-இல் இதற்காக 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2022-இல் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது. நம் நாட்டின் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் சில கட்டளைகளை நீக்கினாலும் தண்டத்தை உறுதி செய்தது.

இதற்கு மாறான முயற்சிகளும் நடந்தன. மோசில்லா அமைப்பின் ஃபயர்பாக்ஸ் இயங்குதளம் கொண்ட கைப்பேசி 2014-இல் இந்தியாவில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாக விற்பனைக்கு வந்தது. ‘மலிவான திறன்பேசி’ என்பதே அதன் விளம்பரம். வாட்ஸ்அப் அதில் இல்லை, மக்கள் ஏற்கவில்லை. அதே நிரலின் வழிவந்த கைஓஎஸ், 2017-இல் ஜியோபோன் வழியாக 1,500 ரூபாய் வைப்புத்தொகையில் பெருந்திரளான மக்களிடம் சென்று சேர்ந்தது. முதலாவது தோற்றது, இரண்டாவது வென்றது. ஆனால் இரண்டிலுமே, “இதன் மூலநிரல் திறந்தது” என்பதை வாங்கியவர் அறிந்திருப்பாரோ என்பது ஐயமே.

பெட்டிக்குள் உறங்கும் என் கைப்பேசி

இனி என் கதை. கல்லூரியில் சேர்ந்த ஆண்டு என் தந்தையார் தவணை முறையில் ஒரு கைப்பேசி வாங்கித் தந்தார். இரண்டாண்டுகள் கழிந்ததும் அதற்குப் புதுப்பிப்பு வருவது நின்றது. பிறகு ஒரு நாள் என் வங்கிச் செயலி, “இந்தக் கருவியில் இயங்காது” என்று கைவிரித்தது. கல்வி உதவித்தொகை வந்ததா என்று பார்க்கவும் வங்கி வாசலில் வரிசையில் நின்றேன். திரையில் கீறல் இல்லை, பேட்டரியிலும் குறையில்லை.

கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவர், வேறு இயங்குதளத்தை நிறுவித் தருவதாக முன்வந்தார். தயாரித்த நிறுவனம் இட்ட பூட்டு இடம் கொடுக்கவில்லை. லினக்ஸ் கருவின் உரிமப்படி மூலநிரலைக் கேட்டு நிறுவனத்திற்கு மின்னஞ்சல் எழுதினேன். இன்றுவரை விடையில்லை. நிரல் கிடைத்தாலும் பூட்டு அப்படியே இருக்கும் என்று நண்பர் விளக்கினார். அந்த உரிமத்தின் மூன்றாம் பதிப்பு 2007-இல் வந்தது. நுகர்பொருள்களில், திருத்திய நிரலை நிறுவும் வழியையும் தரவேண்டும் என்கிறது அது. லினக்ஸ் கருவோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

என் தாயார் பல ஆண்டுகளாக மிதிக்கும் தையல் இயந்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைத் திறக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கடைத்தெருவில் பட்டை வாங்கி மாட்டினால் ஓடுகிறது. ‘மூடிய’ பொருளென்று யாரும் சொல்லாத அந்த இயந்திரம் திறந்திருக்கிறது. ‘திறந்த’ நிரலால் ஆன என் கைப்பேசி மூடியிருக்கிறது. இது விந்தையன்றோ!

மறுப்புக்கு விடை

“இலவச நிரல் இல்லையென்றால் எட்டாயிரம் ரூபாய்க்குக் கைப்பேசி கிடைக்குமா?” என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. திறமூலத்தால்தான் ஏழை மாணவர் கையிலும் கைப்பேசி தவழ்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. வணிகர்க்கு ஆதாயம் கூடாது என்பதும் என் வாதமன்று. நேர்மையாக விற்றும் வாழ முடியும் என்பதற்குச் சான்று உண்டு. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட தன் இரண்டாம் கைப்பேசிக்கு 2023 வரை புதுப்பிப்பு வழங்கியது. பயனர் தம் கையாலேயே உறுப்புகளை மாற்றிக்கொள்ளவும் அதில் வழி வைத்திருந்தது. ஆனால் அதன் விலை நமக்கு எட்டாதது. அது இந்தியச் சந்தையைக் குறிவைத்து வந்ததும் அன்று. அதனால்தான் நம் கடைகளில் உள்ள பொருள்களைப் பற்றி நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த முறை கைப்பேசி வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு வரும்? மூலநிரல் எங்கே கிடைக்கும்? புதுப்பிப்பு நின்றபின் வேறு இயங்குதளம் நிறுவப் பூட்டைத் திறந்து தருவார்களா? கடைக்காரருக்கு விடை தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் விநியோகஸ்தரைக் கேட்பார். நூறு பேர் கேட்டால் அது பெட்டியின்மேல் அச்சாகும். வாங்குவோர் கேட்பதையே விற்போர் விளம்பரம் செய்வர் என்பது நாம் வகுப்பில் படித்த பாடந்தானே?

கணினி அறிவியல் துறைப் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசிகளை மாணவர்கள் கொண்டுவரட்டும். பூட்டில்லாதவற்றுக்கு உயிர் கொடுப்போம். பூட்டியவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டுத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். முதற் பட்டியலில் என் கைப்பேசியின் பெயர் இடம்பெறும். அதைப் பார்த்து ஒரு முதலாமாண்டு மாணவரின் தந்தையார் தம் பணத்தை வீணாக்காமல் இருந்தால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.