எண்ணே தெரியாத வரைபடம் எதற்கு?

பள்ளி ஆண்டு மலர் போடும் ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளின் வரைபடங்களைக் கொஞ்சம் மதியுங்கள். அண்மையில் பார்த்த ஒரு மலரில், எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து எக்ஸலில் வரைபடம் போட்டிருந்தார்கள். கிராம சபையில் எடுத்து நீட்ட வேண்டிய பக்கம். ஆனால் எத்தனை அடி, எந்த மாதம், ஒன்றும் படிக்க முடியவில்லை. சரிபார்க்க முடியாத எண்ணை யார் நம்புவார்கள்?

அச்சகத்தைக் குறை சொல்லாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அப்படித்தான் வரும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆறு அங்குல அகலப் படத்துக்கு 1800 புள்ளி. 600 புள்ளிப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் தெளிவு எங்கிருந்து வரும்?

எக்ஸலில் வரைபடத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். வரைபடம் மட்டும் தனியாக வரும். கோடுகள் கோடுகளாகவே இருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. எஸ்விஜி வகையும் நல்லதுதான், ஆனால் நம் தமிழ் எழுத்துரு அச்சகக் கணினியில் இல்லாவிட்டால் எழுத்து உருமாறிவிடும். (இந்த எழுத்துருத் தொல்லை என்றுதான் தீருமோ!) ஜேபெக் வேண்டவே வேண்டாம், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும்.

வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவீர்கள் என்றால், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.