பதினொருவர் வெற்றி

ஒரு குழு வெற்றி பெறும்போது, அவ்வெற்றிக்கு உரியவர் யார் என்று உலகம் தேடுகின்றது. தேடி, ஒருவரைக் கண்டு, அவர் கழுத்தில் மாலை இடுகின்றது. உடன் உழைத்த ஏனையோரை மறந்து விடுகின்றது. இவ்வழக்கம் பழமையானது, ஆயினும் நேர்மையானதன்று. கோவை கிரிக்கெட் அணி 2023-ஆம் ஆண்டில் பெற்ற வெற்றி இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பிரிமியர் லீக் என்னும் போட்டியைத் தொடங்கியது. எட்டு அணிகள் பொருதும் இப்போட்டியில் ஒவ்வோர் அணியும் இருபது ஓவர்கள் ஆடும். 2023-இல் பொருத எட்டனுள் கோவை, திருப்பூர், சேலம் என மூன்று அணிகள் கொங்கு நாட்டு ஊர்களின் பெயரைத் தாங்கியவை. அவற்றுள் கோவை அணிக்கு லைகா கோவை கிங்ஸ் என்பது பெயர்.

இவ்வணி 2022-ஆம் ஆண்டில் இறுதி ஆட்டத்திற்கு வந்தது. ஜூலை 31 அன்று, கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில், சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணியுடன் மோதியது. மழையின் காரணமாக ஆட்டம் பதினேழு ஓவர்களாகக் குறைக்கப்பட்டது. கோவை அணி 138 ஓட்டங்கள் எடுத்தது. சேப்பாக் அணி நான்கு ஓவர்களில் இரண்டு விக்கெட்டுகளை இழந்து நின்றது. அவ்வேளையில் மழை மீண்டும் கொட்டியது, ஆட்டம் கைவிடப்பட்டது. கோப்பை இரு அணிகளுக்கும் பொதுவாயிற்று. சொந்த ஊரில், ஊர் மக்கள் முன்னிலையில், கோவைக்குக் கிடைத்தது பாதி வெற்றியே.

அடுத்த ஆண்டு இப்போட்டியில் முதன்முறையாக ஏலம் நடைபெற்றது. இளம் ஆட்டக்காரர் சாய் சுதர்சனைக் கோவை அணி 21.60 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அவ்வேலத்தில் எவருக்கும் அதற்கு மேல் விலை கிட்டவில்லை. அவரும் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. ஜூன் 12 அன்று திருப்பூர் அணிக்கு எதிராக அவர் 86 ஓட்டங்கள் குவித்தார். கோவை 70 ஓட்ட வேறுபாட்டில் வென்றது.

நான்கு நாட்கள் கழித்து, அதே கோவை மண்ணில், நெல்லை ராயல் கிங்ஸ் அணி எதிர்த்து நின்றது. சாய் சுதர்சன் அன்றும் 90 ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் நெல்லையின் அஜிதேஷ் 112 ஓட்டங்கள் விளாசி, வெற்றியைத் தம் அணிக்குப் பறித்துச் சென்றார். ஒருவர் மிகச் சிறப்பாக ஆடியும் அணி தோற்கக் கூடும் என்பதைக் கோவை அன்று கண்டது. முதற் சுற்றின் ஏழு ஆட்டங்களில் அவ்வணி கண்ட தோல்வி அஃது ஒன்றே. ஏனைய ஆறிலும் வென்று, பட்டியலில் முதலிடம் பெற்றது.

ஜூலை 12 அன்று இறுதி ஆட்டம். எதிரில் நின்றது அதே நெல்லை அணி, இடமோ திருநெல்வேலி. கோவை அணியில் சாய் சுதர்சன் இல்லை. இந்திய 'ஏ' அணிக்காக அவர் இலங்கை செல்ல வேண்டியிருந்தது. பெருவிலை கொடுத்துப் பெற்ற வீரர் இல்லாமல், முன்பு தோல்வி தந்த அணியை, அதன் சொந்த மண்ணிலேயே எதிர்கொள்ளும் நிலை வந்தது.

அன்று நிகழ்ந்தது யாது? சுரேஷ் குமார் 57 ஓட்டங்கள் எடுத்தார். முகிலேஷ் ஆட்டமிழவாமல் நின்று 51 எடுத்தார். அதீக்குர் ரகுமான் இருபத்தொரு பந்துகளில் 50 எடுத்தார். அணியின் எண்ணிக்கை 205 ஆயிற்று. பின்னர், ஜாதவேத் சுப்பிரமணியன் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். நெல்லை அணி 101 ஓட்டங்களில் சுருண்டது. ஷாருக்கான் தலைமையில் கோவை 104 ஓட்ட வேறுபாட்டில் வென்று, முழுக் கோப்பையையும் கைக்கொண்டது.

இதனால், தனித்திறன் வேண்டுவதில்லை என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. தொடக்கத்தில் சாய் சுதர்சன் குவித்த ஓட்டங்கள் அணிக்கு ஊக்கம் அளித்தன. திறமை மிக்கவரை அணி போற்றுதல் தக்கதே. ஆனால், அவர் இருக்கும் வரையில் ஏனையோர் அவர் நிழலில் ஒதுங்கி இருந்தால், அவர் அகன்ற நாளில் அணி வீழும். அவரோடு சேர்ந்து ஏனையோரும் வளர்ந்திருந்தால், அவர் இல்லாத நாளிலும் அணி நிற்கும். கோவை அணி நின்றது.

கொங்கு நாட்டார்க்கு இப்பாடம் புதிதன்று. நூற்பாலைகளால் வளர்ந்த நகரம் கோவை. பஞ்சைச் சுத்தம் செய்பவர், நூற்பவர், நூலைச் சுற்றுபவர் எனப் பலர் கைப்பட்டே நூல் வெளிவருகிறது. ஒருவர் வாராத நாளில் மற்றொருவர் அவ்விடத்தில் நின்று வேலை செய்கிறார். வெளியே செல்லும் நூலில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் அதில் அனைவர் உழைப்பும் உண்டு.

வெற்றி என்றும் நிலைப்பதன்று. 2024-ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் இதே கோவை அணி திண்டுக்கல் அணியிடம் தோற்றது. கோப்பை கைமாறும் பொருளே. ஆயினும், ஒருவர் இல்லாத இடத்தை மற்றவர் நிரப்பும் பண்பு கைமாறுவதன்று. வகுப்பிலும் விளையாட்டுத் திடலிலும் அப்பண்பைப் பழகும் மாணவர், தோற்ற நாளிலும் தலை தாழார். வென்ற நாளில் உடன் உழைத்தவரை மறவார்.