'நைஸ்' என்னும் சொல்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணவர் முதலிற் பழகும் அடைமொழிகளுள் ஒன்று 'நைஸ்' என்பது. உணவும் நைஸ், உடையும் நைஸ், அண்டை வீட்டாரும் நைஸ். எல்லாவற்றிற்கும் இத்துணை எளிதாகப் பொருந்தும் இச்சொல், பிறந்தபோது புகழ்ச்சொல்லாக இருந்ததில்லை.

இலத்தீன் மொழியில் 'நெஸ்கியுஸ்' என்பதற்கு 'அறியாதவன்' என்று பொருள். அச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக, 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துட் புகுந்தபோது பேதையையே குறித்தது. பின்னர்க் கூச்சமுடையவன், எளிதில் மனநிறைவு கொள்ளாதவன், நுணுக்கம் பார்ப்பவன் எனப் படிப்படியாகப் பொருள் மாறிற்று. மிக நுண்ணிய வேறுபாட்டைச் சுட்டும் பொருளும் அதற்கு உண்டாயிற்று. கற்றோர் எழுத்தில் இன்றும் அஃது அருகி வழங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்னும் பொருள் வேரூன்றியது. தமிழில் 'நாற்றம்' இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. நறுமணத்தைக் குறித்த அச்சொல்லை இன்று மலருக்கு வழங்கத் துணிவார் யார்?

ஜேன் ஆஸ்டின் இயற்றி, 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' என்னும் புதினத்தில் ஹென்றி டில்னி என்னும் இளைஞன் வருகிறான். ஒரு பெண் தான் விரும்பிய நூலை 'நைஸ்' என்று புகழ, அவன் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு அவளை எள்ளி நகையாடுகிறான். அவனுடைய உடன்பிறந்தாள் சும்மா இருந்தாளில்லை. அதே சொல்லைப் பழம்பொருளில் வழங்கி, அவன் அளவு கடந்து நுணுக்கம் பார்க்கிறான் என்று இடித்துரைக்கிறாள்.

டில்னியின் குறை பாதியே சரியானது. பழம்பொருளே மெய்ப்பொருள் எனின், பின்னோக்கிச் சென்று 'பேதை' என்னுமிடத்தன்றோ நிற்றல் வேண்டும்? பொருள் மாறியது குற்றமன்று. உற்று நோக்காமலே பேசிவிட அச்சொல் இடந்தருவதே குற்றம். மாம்பழம் நைஸ் என்று எழுதும் மாணவன், அது தேனாய் இனித்ததா, புளிப்புக் கலந்திருந்ததா என்று எண்ணிப் பார்க்கவில்லை. இஃது உணவளவில் நின்றால் கேடில்லை. தனக்குத் தீங்கு வரினும் நண்பனுக்காக உண்மை பேசியவனும், புன்னகை செய்து ஒதுங்கியவனும் ஒருங்கே நைஸ் எனப்படும்போது, முன்னவனுக்கு அநீதி இழைக்கப்படுகிறது.

தமிழர் பேச்சிலும் இச்சொல் கலந்துள்ளது. பிறர் அறியாமல் நழுவுபவனை 'நைசாக நழுவினான்' என்பர். மாவரைக்கும் தாயோ, சிறிது மாவை எடுத்து இருவிரலிடையே தேய்த்துப் பார்க்கிறாள். ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும், 'இன்னும் நைசாகவில்லை' என்று மீண்டும் அரைக்கிறாள்.