லாசர் ஏன் பேசவில்லை?



சென்ற மாதம் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வருகையில், கோவில் வாயிலில் ஒரு தாய் காத்து நின்றார்.

"சாமி, இதயம் நின்றுபோன என் அம்மாவை மருத்துவர்கள் பிழைக்க வைத்தார்கள். இரண்டு வாரம் இருந்து, பிறகு இறந்துபோனார்கள். அந்த நாள்களில், 'அப்போது என்ன கண்டீர்கள், அம்மா?' என்று கேட்டேன். 'ஒன்றுமில்லை மகளே, தூங்கினாற்போல் இருந்தது' என்றார்கள். மற்றவர்கள் ஒளியைக் கண்டதாகப் பத்திரிகைகளில் வருகிறதே! என் அம்மாவுக்கு மோட்ச வாசல் மூடிக் கிடந்ததா?"

இவ்வச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. மரண வாயில்வரை சென்று மீண்டோரின் அனுபவங்களைத் தொகுத்து ரேமண்ட் மூடி என்னும் அமெரிக்கர் 1975-இல் ஒரு நூல் வெளியிட்டார். இருண்ட குகைவழி, பேரொளி, மாண்ட உறவினரின் வரவேற்பு ஆகிய செய்திகள் அதன்பின் உலகெங்கும் பரவின. அறிவியலாரும் இதனை ஆராய முற்பட்டனர்.

நெதர்லாந்தின் பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று உயிர் பிழைத்த 344 பேரை பிம் வான் லோமெல் என்னும் இதய மருத்துவர் குழுவினர் ஆராய்ந்தனர். 2001-இல் வெளியான முடிவின்படி, இத்தகைய அனுபவத்தைக் கூறியவர் 62 பேரே. எஞ்சிய 282 பேருக்கு எந்த நினைவும் இல்லை. ஆகவே, ஒன்றும் காணாதவரே பெரும்பாலோர். இவர்கள் அனைவரும் இறைவனால் கைவிடப்பட்டவர்கள் என்று சொல்ல எவர் துணிவார்?

உடலை விட்டுப் பிரிந்து மேலிருந்து பார்த்ததாகக் கூறுவோரைச் சோதிக்க, சாம் பார்னியா என்னும் மருத்துவர் மருத்துவமனைகளில் உயரமான பலகைகள் அமைத்து, மேலிருந்து நோக்கினால் மட்டுமே தெரியும் படங்களை அவற்றில் வைத்தார். 2014-இல் வெளியான அவ்வாய்வில் 2,060 இதய நிறுத்தங்கள் இடம்பெற்றன. கண்டும் கேட்டும் நினைவுகூர்ந்தவர் இருவரே. அவ்விருவருக்கும் இதயம் நின்ற இடங்களில் அப்பலகைகள் இல்லை! 2023-இல் மிச்சிகன் ஆய்வாளர்கள், சுவாசக் கருவி அகற்றப்பட்ட நால்வருள் இருவரின் மூளையில் மின்னலைகள் திடீரெனப் பெருகியதைக் கண்டனர். ஆனால், அவ்விருவரும் மீளவில்லை. அவர்கள் உணர்ந்ததைச் சொல்ல ஆளில்லை.

இவ்வாய்வுகளை நாம் இகழவில்லை. எனினும், கருவிகள் அளப்பது மரணத்தின் வாசற்படி வரையிலான வழியையே. சாட்சி கூறியோர் யாவரும் திரும்பி வந்தவர்கள்; வாசலைக் கடந்தவர்கள் அல்லர். எனவே அவர்கள் கண்ட ஒளியை விசுவாசத்தின் அத்தாட்சியாக்குவதும் தவறு. மின்னலைகளைக் காட்டி ஆன்மா இல்லை என்பதும் தவறு. மேலும், திருச்சபை கற்பிப்பது உணர்வு எஞ்சியிருக்கும் என்பதை மட்டுமன்று; உடலின் உயிர்ப்பையும் அன்றோ! அதற்கு அடித்தளம் உயிர்த்த கிறிஸ்துவே.

அருளப்பர் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். லாசர் கல்லறையில் நான்கு நாள் இருந்தவர். இன்றைய ஆய்வாளர் எவருக்கும் அத்தகைய சாட்சி கிட்டியதில்லை. மார்த்தாளும் மரியாளும் ஆவலோடு கேட்டிருக்கக்கூடும். ஆயினும், லாசர் கண்டது என்ன என்பது குறித்து நற்செய்தியாளர் ஒரு சொல்லும் எழுதவில்லை. லாசர் கண்டதன் பேரிலன்று, லாசரை அழைத்தவர் பேரிலேயே நம் நம்பிக்கை நிற்க வேண்டும் என்பதனால்தான் போலும்!

அந்தத் தாயிடம் நாம் இதையே சொன்னோம். "அம்மா, லாசர் இறந்தபோது ஆண்டவர் தம் சீடரிடம், அவர் தூங்குகிறார் என்றே முதலில் கூறினார். உங்கள் அம்மாவும் தூங்கினாற்போல் இருந்தது என்றார்கள். அஞ்ச வேண்டாம். அம்மா என்ன கண்டார்கள் என்று தேடுவதை விட்டு, அவர்களுக்காகச் செபியுங்கள். ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். எழுப்புகிறவர் அவர்களை அறிவார்."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, மெழுகுதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தை நோக்கி நடந்தார்.