ஒரு நாள் போகி போதாது

மார்கழிக் கடைசியில் முதலமடை வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் பரணிலிருந்து பழம்பாய் இறங்கும். சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். மலையாளிகள் வீடுகளில் இதே வேலை ஆடி பிறக்கும் வேளையில் நடக்கிறது. கர்க்கடக சங்கராந்தியன்று வீட்டைப் பெருக்கிக் கழுவி, சேட்டையை வெளியே துரத்தி, ஸ்ரீபகவதியை உள்ளே அழைப்பது அவர்கள் வழக்கம். அந்தச் சேட்டை வேறு யாருமல்ல; தமிழர் மூதேவி என்று சொல்பவள்தான். மொழி இரண்டானாலும் துடைப்பம் ஒன்றே.

ஆண்டில் ஒரு நாள் பழையதைக் கழித்துவிட்டால் வாழ்வு புதிதாகிவிடும் என்று எண்ணுவது எளிது. வீட்டு வேலை அறிந்தவர்கள் அப்படி எண்ணுவதில்லை. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கீழைக்காற்று, காலையில் பெருக்கிய வாசலில் மாலைக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டிவிடும். அதற்காக, பெருக்கியது வீண் என்று எந்தப் பெண்ணும் உட்கார்ந்துவிடுவதில்லை. மறுநாள் விடியலில் மீண்டும் தண்ணீர் தெளிக்கிறாள்; கோலம் போடுகிறாள்.

மாந்தோப்பில் கூலி வேலை செய்பவரும், கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தாவும் அவளிடம் கற்க வேண்டிய பாடம் இது. குடியை விடுவேன், வட்டிக்குக் கடன் வாங்கமாட்டேன் என்று தைப் பிறப்பன்று செய்த சபதம் மாசியில் முறிந்தால், 'இனி என்ன இருக்கிறது?' என்று அடியோடு கைவிடுபவர் பலர். ஒரு வேளை அழுக்கான பாத்திரத்தை யாரும் வீசி எறிவதில்லை. தேய்த்துக் கழுவி மறுபடியும் அடுப்பில் ஏற்றுகிறார்கள்.

வீட்டுக்குள்ள நியாயம் ஊருக்கும் உண்டு. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்போரைத் தண்டிக்க 1955-இல் தனிச் சட்டமும் வந்தது. இருந்தும், முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் அருந்ததியர் மக்களுக்குத் தேநீர்க் கடையில் தனித் தம்ளர் என்ற புகார் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எழுந்தது. 2017-இல் சாதிப் பாகுபாடு பற்றிய புகாரால் அதே காலனி மீண்டும் செய்தியில் அடிபட்டது. சட்டம் ஒருமுறை பெருக்கிற்று; ஊரார் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டார்கள். புழுதி திரும்பியதில் வியப்பென்ன?

பிழைக்க வந்த இடத்தில் தம்மை யாராவது 'பாண்டி' என்று இளக்காரமாக அழைத்தால் தமிழர் மனம் கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அதே மனம், பக்கத்துத் தெருக்காரன் குடித்த தம்ளரைத் தொடக் கூசுமானால் அந்தக் கொதிப்புக்கு என்ன மதிப்பு? போகி நெருப்பில் முதலில் போட வேண்டியது பழம்பாயை அல்ல, இந்தக் கூச்சத்தை. அதுவும் ஒரு நாளில் எரிந்து தீராது. தினமும் பெருக்கித் தள்ள வேண்டும்.

1901-இல் கல்கத்தா காங்கிரசுக்குச் சென்ற காந்தியடிகள், கழிப்பிடம் நாறுவதைக் கண்டு, வேறு ஆளுக்குக் காத்திராமல் தாமே துடைப்பம் எடுத்தார். புது வாழ்வு வேண்டும் ஆண்மகன் தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் மனைவி கையிலிருந்து அந்தத் துடைப்பத்தை வாங்கி, வாசலிலிருந்தே தொடங்கலாம்.