நாளைக்குள் காயுமா?

ஒவ்வொரு வருடமும் மே மாதம் செமஸ்டர் முடிகிற நேரத்தில் எங்கள் துறையில் யாராவது ஒருவருக்கு ஃப்ளை ஃபிஷிங் ஜுரம் வந்துவிடும். மொன்டானா மாநிலத்தில், அதுவும் போஸ்மன் ஊரில் இருந்துகொண்டு அது வராவிட்டால்தான் அதிசயம். கேலட்டின் ஆறு அரை மணி நேர தூரத்தில் ஓடுகிறது. மேடிசன் இன்னும் கொஞ்சம் மேற்கே. கிழக்கே மலையைத் தாண்டினால் லிவிங்ஸ்டனில் யெல்லோஸ்டோன் ஆறு. ஆனால் ஜுரம் வந்தவர் கேட்கிற முதல் கேள்வி "மீன் எங்கே இருக்கும்?" என்பது இல்லை. "என்ன வண்டி வாங்கலாம், என்ன ராடு வாங்கலாம்?" என்பதுதான்!

என்னைக் கேட்டால், வண்டியோ சாமானோ, வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இதைக் கழுவிக் காயவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? விலை, பிராண்டு, அழகு எல்லாம் அதற்கு அப்புறம். மடி ஆசாரம் பார்க்கிற பாட்டி பேச்சு மாதிரி இருக்கிறதா? இந்தப் பக்கத்து ஆறுகளின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில், இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக. நம் ஊர்க் குளத்தங்கரையில் தங்கூஸ் நரம்பு, தக்கை, மண்புழு வைத்துத் தூண்டில் போட்டவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். அங்கே ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே முள்ளில் இருப்பது இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. அதனால் கயிற்றுக்கே கனம் கொடுத்து, சாட்டை மாதிரி பின்னும் முன்னும் வீசி, பூச்சியைத் தண்ணீர் மேல் மெதுவாக இறக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் கரையில் உட்கார்ந்து செய்ய முடியாது. முழங்கால் வரை, சில சமயம் இடுப்பு வரை ஆற்றுக்குள் இறங்கி நிற்க வேண்டும். பிரச்சினையே இங்கேதான். ஆற்றுக்குள் இறங்குகிறவன், ஒரு மீன்கூடக் கிடைக்காவிட்டாலும், ஆற்றிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறான். மறுநாள் அதை அடுத்த ஆற்றில் கொண்டுபோய் விடுகிறான்.

மேடிசன் ஆற்றை எடுத்துக்கொள்வோம். 1994-ல் அங்கே 'வர்லிங் டிசீஸ்' என்ற நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி மீன்குஞ்சின் குருத்தெலும்பைத் தின்றுவிடும். குஞ்சு தன் வாலைத் தானே துரத்துகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்து செத்துப்போகும். மேல் மேடிசனின் சில பகுதிகளில் ரெயின்போ டிரவுட் மீன்கள் 90 சதவீதம் வரை குறைந்தன. பிறகு ஓரளவு மீண்டன, ஆனால் அதற்குப் பல வருடங்கள் ஆயின. இந்த ஒட்டுண்ணியின் வித்துகள் சேற்றில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். சேறு எதில் ஒட்டிக்கொண்டு போகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அதே 1994-ல் அதே ஆற்றில், யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள், நியூசிலாந்து சேற்று நத்தையும் தென்பட்டது. அளவு சுமார் 5 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மிளகு. ஒரே ஒரு பெண் நத்தை போதும், ஆண் துணை இல்லாமலே பெருகிவிடும். ஈரம் இருந்தால் தண்ணீருக்கு வெளியே பல நாள் தாக்குப்பிடிக்கும். வசதியான இடம் கிடைத்தால் ஒரு சதுர மீட்டரில் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். டிரவுட் இதைத் தின்றாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. ஓட்டை மூடிக்கொண்டு, பல சமயம் உயிரோடவே மறுபக்கம் வெளியே வந்துவிடும்!

இது மீனோடு முடிகிற கதையும் இல்லை. 2016 ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்றில் ஆயிரக்கணக்கான வொயிட்ஃபிஷ் செத்து மிதந்தன. காரணம் வேறொரு ஒட்டுண்ணி. குறைந்த நீரோட்டமும் சூடான தண்ணீரும் அதற்கு உதவி செய்தன. மாநில அரசு 183 மைல் நீளத்துக்கு ஆற்றையே மூடியது. மீன்பிடிக்க மட்டுமில்லை, படகு விட, ரப்பர் டியூபில் மிதக்க, எதற்குமே அனுமதி இல்லை. சீசன் உச்சத்தில் கைடு வேலை பார்ப்பவர், படகுக்காரர், சாமான் கடைக்காரர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தத் தடவை அது யார் பூட்ஸில் வந்தது என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஆனால் ஒரு ஆற்றுக்கு நோய் வந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு பாதிக்கும் என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். பெரிய பிக்கப் டிரக், கூரை மேல் கூடாரம், பக்கத்தில் ராடு வைக்கிற நீளப்பெட்டி, பாறை மேல் ஏறி ஆற்றுக்கு நடுவிலேயே நிற்கும். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் மொன்டானாவில் அது தேவையே இல்லை. இங்கே 1985-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஆற்றங்கரை யாருடைய நிலமாக இருந்தாலும், வழக்கமான வெள்ள மட்டத்துக்கு உட்பட்ட பகுதியில் பொதுமக்கள் நடக்கலாம், மீன்பிடிக்கலாம். அடுத்தவர் வயலைத் தாண்டிப் போகத்தான் கூடாது. பொதுச் சாலைப் பாலத்தின் அருகில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆற்றில் இறங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல், அரசே பராமரிக்கிற மீன்பிடித் துறைகள் 300-க்கும் அதிகம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தார் ரோடோ, நல்ல கப்பி ரோடோ இருக்கிறது. கேலட்டின் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலையும் ஆறும் கைகோத்துக்கொண்டுதான் போகின்றன. பழைய சிவிக் போதும்.

கார் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நான் பார்க்கச் சொல்வது நான்கு விஷயம்.

ஒன்று, டயர். நாலு சக்கர டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், ஆனால் பிரேக் போட்டால் நிற்க உதவாது. அதற்கு டயர்தான் கதி. ஆல் வீல் டிரைவும் மொட்டை டயருமாகப் போகிறவனைவிட, சாதாரண காரில் நல்ல டயர் போட்டுப் போகிறவன் பத்திரமாகத் திரும்பி வருவான்.

இரண்டு, தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. கப்பி ரோடு, பள்ளம் இதற்கெல்லாம் கொஞ்சம் உயரம் நல்லது. இங்கே தெருவுக்கு நாலு நிற்கிற சுபாரு அவுட்பேக்கில் இது 8.7 இன்ச். கோடையில் மட்டும் போகிறவருக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் சமாளிக்கலாம்.

மூன்று, பின்பக்கத் தரை. இதுதான் எனக்கு முக்கியம். வழித்துத் துடைக்கிற மாதிரி ரப்பர் விரிப்பு இருக்கிறதா? ஈரச் சாமானைத் தனியாக வைக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைக்க இடம் இருக்கிறதா? கம்பளம் விரித்த டிக்கியில் ஈரமான பூட்ஸைப் போட்டு மூடினால், அது நத்தைக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த ஏசி ரூம். மறுநாள் வேறு ஆற்றங்கரையில் டிக்கியைத் திறக்கும்போதும் ஈரம் அப்படியே இருக்கும்.

நான்கு, எத்தனை பேர் போகலாம்? நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் போனால் பெட்ரோல் காசும் பங்கு, கழுவுகிற வேலையும் பங்கு. வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். தார் போடாத ரோட்டில் ஓட்டக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

கூரையில் படகோ கயாக்கோ கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழியில் படகு சோதனைச் சாவடியைப் பார்த்தால் நின்றே ஆகவேண்டும். காற்றடித்த ராஃப்டாக இருந்தாலும் சரி. 2016-ல் டைபர் நீர்த்தேக்கத்தில் அயல்நாட்டுச் சிப்பியின் குஞ்சுகள் தென்பட்டதிலிருந்து மாநிலம் இதில் கறாராக இருக்கிறது. நம்மைத் தொந்தரவு செய்ய நிற்கவில்லை அவர்கள்.

இனி சாமான். எல்லாரும் ராடில் ஆரம்பிப்பார்கள். நான் காலில் ஆரம்பிக்கிறேன்.

பூட்ஸ்: பழைய ஆட்கள் அடியில் ஃபெல்ட் ஒட்டிய பூட்ஸ்தான் போடுவார்கள். கம்பளி அட்டை மாதிரி இருக்கும், பாசி பிடித்த கல்லில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரையும் சேற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சீக்கிரம் காயவே காயாது. 2004-ல் நியூசிலாந்து ஆறுகளில் டிடிமோ என்ற பாசி பரவத் தொடங்கியது. 2008-ல் அந்த நாடு ஃபெல்ட் பூட்ஸையே தடை செய்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 2018 முதல் தடை. மொன்டானாவின் மற்ற ஆறுகளில் இப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் ரப்பர் அடிதான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. "வழுக்கி விழுந்தால் நீயா பார்ப்பாய்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரப்பர் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். அடியில் உலோகக் குமிழ் ஆணிகள் திருகிக்கொள்ளுங்கள், கையில் ஒரு ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள், முழங்காலுக்கு மேல் வேகமான தண்ணீரில் போகாதீர்கள்.

வேடர்ஸ்: (கண்ணப்ப நாயனார் வகையறா இல்லை, மார்பு வரை வருகிற நீர்புகாத கால்சட்டை!) நியோபிரீனில் செய்தது தடிமன், காய நேரம் எடுக்கும். மெல்லிய, காற்றுப் போகிற துணியில் செய்தது மேல். இடுப்பு பெல்ட் இல்லாமல் போடவே போடாதீர்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் ரொம்பாமல் காப்பது அதுதான். ஜூலை, ஆகஸ்டில் வேடர்ஸே வேண்டாம். அரைக்கால் சட்டையோடு இறங்கினால் வெளியே வந்த அரை மணியில் காய்ந்துவிடும்.

வலை: முடிச்சு போட்ட நைலான் வலை வேண்டாம். ரப்பர் வலை மீனின் வழுவழுப்பை உரிக்காது, உதறினாலே காய்ந்துவிடும்.

தெர்மாமீட்டர்: பத்துப் பதினைந்து டாலர்தான். தண்ணீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை மூன்று நாள் தொடர்ந்து தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்க மாநிலம் தடை போடும். சூடான தண்ணீரில் டிரவுட்டுக்கு மூச்சு முட்டும். பிடித்துவிட்டு விட்டாலும் பிழைக்காது. அரசு சொல்லும் வரை காத்திருக்காமல் நாமே பார்த்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ராடு: கடைசியாகத்தான் வருகிறது. 9 அடி, '5 வெயிட்', நாலு துண்டாகக் கழற்றுகிற மாதிரி. 5 என்பது கயிற்றின் கன அளவு. அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். டிரவுட்டுக்கு இது ஒன்று போதும். துண்டு ஒன்று இரண்டே கால் அடிதான் என்பதால் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம், நீளப்பெட்டி கட்டிய டிரக் எதற்கு? ஆயிரம் டாலர் ராடும் இருக்கிறது, ராடும் ரீலும் கயிறும் சேர்த்து இருநூறு டாலர் பக்கம் வருகிற செட்டும் இருக்கிறது. புதிதாகக் கற்பவர் கையில் இரண்டும் மரத்தில்தான் மாட்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. "மேடிசனில் நீ பிடிக்கிற மீனே வந்தேறி. பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து 1880-களில் அமெரிக்காவுக்கு வந்தது, ரெயின்போ பசிபிக் பக்கத்து ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டது. இதில் நத்தைக்கு மட்டும் என்ன விசா சோதனை?" உண்மைதான். நம் நீலகிரி டிரவுட்டும் இதே கதைதான். அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் வைத்து வெள்ளைக்காரர்கள் வளர்த்து விட்டது. இங்கே அந்த வந்தேறி மீன்கள் இந்த மண்ணின் கட்த்ரோட் டிரவுட்டைப் பல ஓடைகளிலிருந்து விரட்டிவிட்டன. அதனால்தான் சொல்கிறேன், ஒரு தடவை தெரிந்தே செய்ததன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தெரியாமல் இன்னொன்றையும் ஏன் சுமந்துபோக வேண்டும்?

வேலை ஒன்றும் பெரிதில்லை. கரையிலேயே பிரஷ் போட்டுச் சேற்றை உதிர்த்துவிடுங்கள், வீட்டில் கழுவிக் காயவையுங்கள். தொட்டால் ஈரமே இல்லாத அளவுக்குக் காய்ந்த பிறகும் 48 மணி நேரம் விடச் சொல்கிறது நியூசிலாந்து. அவசரமென்றால் இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள், நத்தை செத்துவிடும். (ரூம்மேட்டின் பரோட்டா பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பூட்ஸை வைப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டு பையில் சுற்றுவதும் நல்லது. :-)) ஒரே வார இறுதியில் இரண்டு ஆறு பார்க்கிறவர்கள் இரண்டாவது ஜோடி பூட்ஸ் வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் டாலர் ராடுக்கு ஆசைப்படுகிறவருக்கு நான் சொல்கிற மாற்று யோசனை இதுதான். மலிவான ராடு வாங்குங்கள், மிச்சத்தில் இன்னொரு ஜோடி பூட்ஸ் வாங்குங்கள். அப்புறமும் காசு இருந்தால் டயர்.